ராம் ஹெவி டியூட்டி: தகரத்தை விட்டுவிட்டு டீசல் பம்பைப் பாருங்கள்

1989 மாடலாக டாட்ஜ் நிறுவனம் ஒரு டீசல் பிக்கப்பை விற்பனைக்கு இறக்கியபோது, அதன் கேபினும் தகரமும் 1972-இல் வந்த வடிவத்தின் நீட்சிதான். அமெரிக்காவில் கனரக பிக்கப் என்றால் ஃபோர்டு, இல்லாவிட்டால் ஷெவர்லே. டாட்ஜ் மூன்றாவதாகப் பின்தங்கிக் கிடந்தது. அந்தப் பழைய உடம்புக்குள் அவர்கள் வைத்தது கம்மின்ஸ் பி சீரிஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின். கேஸ் டிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து, பண்ணை இயந்திரங்களையும் நடுத்தர லாரிகளையும் மனதில் வைத்துக் கம்மின்ஸ் உருவாக்கிய இன்ஜின் அது. இன்றைய ராம் 2500, 3500 வண்டிகள் அதன் வாரிசுகள். ஐந்து தலைமுறைகளாக உடம்பு மாறியது, பெயர் மாறியது, கியர்பாக்ஸ் பலமுறை மாறியது. ஆனால் நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், ஏழு மெயின் பேரிங், பெல்ட்டோ செயினோ இல்லாமல் கியராலேயே ஓடும் டைமிங், சிலிண்டர்கள் எரியும் வரிசையான 1-5-3-6-2-4 என்ற ஃபயரிங் ஆர்டர் ஆகிய நான்கும் அப்படியே இருக்கின்றன.

ஒவ்வொரு தலைமுறையிலும் உண்மையில் மாறியது இன்ஜினுக்கு டீசல் போகும் விதம்தான். எந்த பம்ப் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வண்டி எவ்வளவு இழுக்கும், எங்கே மக்கர் பண்ணும் என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக பம்ப் மாறியது. பம்ப் மாறிய ஒவ்வொரு முறையும் பலவீனமும் இடம் மாறியது.

முதல் தலைமுறை: 1989 முதல் 1993 வரை

அன்றைக்கு எதிரணியின் டீசல்கள் இரண்டும் வி8. இரண்டிலும் டர்போ கிடையாது. டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் தெளிக்கப்பட்டு, அங்கிருந்து சிலிண்டருக்குள் வரும். முன்னறையின் சுவர் வெப்பத்தைத் தின்றுவிடும் என்பதால் குளிரில் அறையைச் சூடாக்கும் மின்கம்பியான குளோ பிளக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது, மைலேஜும் அடிபடும். கம்மின்ஸில் டீசல் நேராக பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் பாயும், டர்போவும் உண்டு. குளிருக்கு குளோ பிளக் தேவைப்படவில்லை. உள்ளே வரும் காற்றைச் சூடாக்க இன்டேக்கில் ஒரு மின்சூட்டுத் தகடு, அதாவது கிரிட் ஹீட்டர், போதுமானதாக இருந்தது. இந்தத் தகட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

160 குதிரைத்திறன் (ஹெச்பி), 542 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. காகிதத்தில் ஹெச்பி பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த டார்க் நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்குள்ளேயே முழுதாகக் கிடைத்துவிடும், டிரெய்லரை மேட்டில் இழுக்க வேண்டியவருக்கு அதுதான் பேச்சு. பாஷ் விஇ ரோட்டரி பம்ப் டீசலை அழுத்தித் தள்ளும் ஒரே தண்டால், அதாவது பிளஞ்சரால், ஆறு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பங்கிட்டது.

குறை கியர்பாக்ஸில் இருந்தது. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் மூன்றே கியர், நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கிடையாது. இன்ஜினோ சுமார் 2,500 சுற்றில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் போனாலே இன்ஜின் அதன் உச்சியை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். 1991-இன் நடுவில் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஓவர்டிரைவ் கியரும் வந்த பிறகுதான் வண்டி மூச்சுவிட்டது.

இரண்டாம் தலைமுறை: 1994 முதல் 2002 வரை

பெரிய லாரியின் முகத்தை ஒத்த உயர்ந்த பானட், தாழ்ந்த மட்கார்டு. இந்த வடிவம்தான் டாட்ஜ் விற்பனையைத் தூக்கி நிறுத்தியது என்பார்கள். டீசல்காரர்கள் இந்த வண்டியைத் தேடிப்போகும் காரணம் வேறு: பாஷ் பி7100 பம்ப்.

இது லாரிகளில் உட்காரும் இன்லைன் பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பிளஞ்சர். இன்ஜின் ஆயிலே பம்பின் அடிப்பாகத்துக்கும் போய் உயவு தருகிறது, டீசலின் வழவழப்பை நம்பி அது வாழவில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பும் கேம் ஷாஃப்டால் இயங்கும் மெக்கானிக்கல் வகை. கம்ப்யூட்டருக்கு இங்கே வேலையில்லை. இன்ஜின் ஓடத் தொடங்கிய பின், பம்பை அணைக்கும் மின்காந்த சுவிட்சான சோலினாய்டுக்கு மட்டும் மின்சாரம் போனால் போதும். பம்பின் உள்ளே இருக்கும் ஒரு சின்ன உலோகத் தகடுதான் எவ்வளவு டீசல் போகலாம் என்று வரம்பு கட்டுகிறது. அதை மாற்றி, இன்ஜின் சுற்றுக்கு வரம்பு கட்டும் கவர்னரின் ஸ்பிரிங்கையும் மாற்றினால் சக்தி எகிறும். அப்படி ஏற்றியவர்களிடம் இன்ஜின் தாங்கியது, கியர்பாக்ஸ் முதலில் போனது.

அதற்கான சாட்சி நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 1996 முதல் மேனுவல் வண்டிக்கு 215 ஹெச்பி கொடுத்தார்கள். அதே இன்ஜின் ஆட்டோமேட்டிக்கில் வந்தால் 180 ஹெச்பிதான். கியர்பாக்ஸைக் காப்பாற்ற இன்ஜினை அடக்கி வைத்தார்கள். மேனுவலும் குறையில்லாதது அல்ல. என்வி4500 ஐந்து கியர் பெட்டியில், தாழ்ந்த சுற்றில் ஐந்தாம் கியரிலேயே சுமையை இழுக்க வைத்தால், அந்த அதிர்வில் பின்பக்கத்து நட்டு மெல்லத் தளரும். ஐந்தாம் கியர் தன் பள்ளங்களை விட்டு நழுவும். ஒரு நாள் மற்ற நான்கும் விழும், ஐந்தாவது மட்டும் விழாது. மேடு வந்தால் நான்காம் கியருக்கு இறக்கி ஓட்டுவதுதான் இதற்கு வைத்தியம்.

சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட இந்த 12 வால்வ் 5.9 இன்ஜினின் பெயர்போன குறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பக்க டைமிங் கியர்களை மூடும் ஹவுசிங் பிளாக்கில் சரியாக உட்காருவதற்காக ஒரு சின்ன எஃகு பின் அடித்திருப்பார்கள். அது வெளியே வராமல் தடுக்க முன்னால் எதுவும் இல்லை. சூடாகி ஆறி, அதிர்ந்து அதிர்ந்து, வருடக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக அது வெளியே நகர்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் நேராக ஆயில் சம்ப்பில் விழுந்து கிடக்கும். இல்லாவிட்டால் சுழலும் கியர்களுக்கு நடுவே சிக்கி ஹவுசிங்கை உடைக்கும், அல்லது டைமிங்கைக் கலைத்து வால்வை பிஸ்டனோடு மோதவிடும். ஒரு சிறு பின் காரணமாக ஒரு இன்ஜினே போகிறது என்பதால் அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்குக் ‘கொலைகாரப் பின்’ என்றே பெயர் வைத்தார்கள்.

தடுப்பது ஒரு நாள் வேலை. ஃபேன், பெல்ட், கிராங்க் டேம்பர் கழற்றி முன் கவரைத் திறக்க வேண்டும். அந்தப் பின் வெளியே வந்திருந்தால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு எஃகுத் தகட்டைக் கொடுத்து அதன் வாயை மறைத்துவிட வேண்டும். அந்த போல்ட்டுக்கு மட்டுமல்ல, ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் மற்ற போல்ட்டுகளுக்கும் தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கர் பூசி இறுக்குங்கள், அவையும் தளரும் பழக்கம் உள்ளவை. கவரைத் திரும்ப மாட்டும்போது புது கிராங்க் சீலைக் காய்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். கிராங்கையும் சீல் உதட்டையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் தடவிப் பொருத்தினால் சீக்கிரமே கசியும். வால்வ் கவரைத் திறக்கும்போது டேப்பெட் இடைவெளியையும் பார்த்துவிடலாம்: இன்லெட் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.50 மிமீ, இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்.

இந்த பி சீரிஸ் நமக்கு அந்நியமானது அல்ல. 1993-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் இதே 5.9 லிட்டர் குடும்ப இன்ஜின்களைச் செய்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. அந்த லாரி இன்ஜினைப் பிரித்துக் கோர்த்த கைகளுக்கு 12 வால்வ் டாட்ஜின் பிளாக்கும் ஹெட்டும் பழகிய முகமாகத்தான் இருக்கும்.

1998-இன் நடுவில் புகை விதிகள் கடுமையாகி, 12 வால்வ் போய் 24 வால்வ் வந்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்ததால் இன்ஜெக்டரை நட்டநடுவில் செங்குத்தாக நிறுத்த முடிந்தது, டீசல் எல்லாப் பக்கமும் சமமாகத் தெளித்தது. சக்தி மேனுவலில் 235 ஹெச்பி ஆனது. 2001-இல் ஆறு கியர் மேனுவலோடு வந்த உயர்சக்தி வகையில் 245 ஹெச்பியும் 685 நியூட்டன் மீட்டரும்.

ஆனால் பம்ப் விபி44. தலையில் எலெக்ட்ரானிக் போர்டு வைத்த ரோட்டரி பம்ப். இதற்குக் குளிர்ச்சி, உயவு இரண்டுமே உள்ளே ஓடும் டீசல்தான். அந்த டீசலைத் தள்ளித் தரும் ஃபீட் பம்போ இன்ஜின் பிளாக்கின் ஓரத்தில், சூட்டிலும் அதிர்விலும் மாட்டப்பட்ட மின் பம்ப். மின் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, டேங்கிலிருந்து தூரம் இழுப்பதில் சோப்ளாங்கி. அது திடீரென்று சாகாது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பசியில் கிடக்கும் விபி44 சூடேறி, உள்ளே தேய்ந்து, கடைசியில் பி0216 என்ற டைமிங் கோளாறு எண்ணைக் காட்டிவிட்டு உட்காரும்.

பணம் வீணாவது இந்த இடத்தில்தான். புது விபி44 வாங்கி மாட்டுவார்கள், பழைய ஃபீட் பம்ப் அப்படியே இருக்கும், புது பம்பும் போகும். ஃபில்டருக்கும் விபி44-க்கும் நடுவில் ஒரு பிரஷர் கேஜ் வைத்து, முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். முள் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் ஃபீட் பம்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மாற்றும்போது டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் மாட்டும் வகையாக மாற்றினால், பம்புக்கு இழுக்கும் வேலை குறைந்து தள்ளும் வேலை மட்டும் மிஞ்சும்.

இதே காலத்து வண்டிகளில் பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்று வார்த்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். அந்த வார்ப்பில் தண்ணீர் ஓடும் சுவர் மெலிந்திருக்கும், பயணி பக்கத்தில் கீழாகப் படுக்கை வாட்டில் விரிசல் விட்டு கூலன்ட் ஒழுகும். எல்லா 53 பிளாக்கும் விரிவதில்லை. ஆனால் விலை பேசும்போது அது கணக்கில் வர வேண்டும்.

மூன்றாம் தலைமுறை: 2003 முதல் 2009 வரை

காமன் ரயில் வந்தது. பாஷ் சிபி3 பம்ப் டைமிங்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 1,600 பார் வரை அழுத்தி ஒரு பொதுக் குழாயில் டீசலை நிரப்பி வைப்பது மட்டுமே அதன் வேலை. எப்போது, எவ்வளவு என்பதை கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் வழியாக முடிவு செய்கிறது. பெரிய தெளிப்புக்கு முன்னால் ஒரு துளி முன்தெளிப்பு கொடுத்ததால் பழைய கடகடச் சத்தம் பாதியாகக் குறைந்தது. 2003-இல் 305 ஹெச்பி, 2004-இன் நடுவில் 325 ஹெச்பியும் 813 நியூட்டன் மீட்டரும்.

சிபி3 மூன்று பிளஞ்சர் கொண்ட திடமான பம்ப், அது அவ்வளவு எளிதில் சாவதில்லை. பலவீனம் இப்போது இன்ஜெக்டருக்கு நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசி, 1,600 பாரில் பாயும்போது மணல் வீச்சு போல வேலை செய்து உள்ளே வழியை அடைக்கும் சிறு எஃகுக் குண்டு உட்காரும் இடத்தை அரிக்கும். அரித்த இடம் வழியாக டீசல் திரும்பு குழாய்க்கு ஓடிவிடுவதால் ரயிலில் அழுத்தம் சேராது. சூடான இன்ஜினை நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் அதுதான் முதல் அறிகுறி. திரும்பு குழாயில் வரும் அளவைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைவிட மோசமானது, இன்ஜெக்டர் திறந்தபடி மாட்டிக்கொள்வது: பிஸ்டனை ஓட்டை போடும், அல்லது டீசலை ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.

இன்ஜெக்டர் மாற்றும்போது ஹெட்டுக்குள் பக்கவாட்டில் நுழையும் இணைப்புக் குழாயையும் மாற்றுவது நல்லது. வரிசை முக்கியம். இன்ஜெக்டரை லேசாக அமர்த்தி, குழாயின் நட்டை லேசாகப் பிடித்து, இன்ஜெக்டர் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிய பிறகே குழாயைக் கடைசி இறுக்கம் இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முனை கோணலாக உட்காரும், புது இன்ஜெக்டரும் கசிந்து பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

2007-இன் நடுவில் இன்ஜின் 6.7 லிட்டரானது: 350 ஹெச்பி, 881 நியூட்டன் மீட்டர். அளவு ஏன் பெருத்தது? புகையை மறுபடி உள்ளே விடும் இஜிஆர், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைக்கும் வினையூக்கி என்று எல்லாம் சேர்ந்து இன்ஜினின் மூச்சை அடைத்தன. அந்த இழப்பை ஈடுகட்டியாக வேண்டும். டர்போவும் உள்ளே இறக்கைத் திறப்பு மாறும் வகைக்கு வந்தது. அதுவே எக்ஸாஸ்ட் பிரேக்காகவும் வேலை செய்கிறது, மலை இறக்கத்தில் டிரெய்லரோடு வருகிறவருக்கு இது பெரிய வரம்.

கரிதான் இதன் எதிரி. சுமை இல்லாமல், கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டியில் எக்ஸாஸ்ட் போதிய சூடேறாது. கரி எரியாமல் வடிகட்டியை அடைக்கும், இஜிஆர் கூலரில் படியும், டர்போவின் இறக்கை வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். இஜிஆர் வால்வையும் கூலரையும் சுத்தம் செய்ய 67,500 மைல், அதாவது சுமார் 1,08,600 கிலோமீட்டர், என்று அட்டவணை இருக்கிறது. கிரான்க்கேஸ் வென்ட் ஃபில்டருக்கும் அதே கணக்கு. அதை மறந்தால் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இழுக்கப் பிறந்த வண்டியை இழுக்காமல் வைத்திருந்தால்தான் இது அதிகம் படுத்தும்.

நான்காம் தலைமுறை: 2010 முதல் 2018 வரை

ராம் என்பது டாட்ஜிலிருந்து பிரிந்து தனி பிராண்டானது 2009-இல். 2013-இல் பிக்கப்புகளுக்கும் யூரியா வந்தது. எக்ஸாஸ்டில் யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் முறை என்பதால், இன்ஜினுக்குள் போட்டிருந்த கட்டுகளைத் தளர்த்த முடிந்தது. டார்க் மேலே ஏறியது இதனால்தான்: 2013-இல் 1,152 நியூட்டன் மீட்டர், 2016-இல் 1,220, 2018-இல் 1,261. இந்த உயர்சக்தி வகைக்கு நிறுவனத்தின் சொந்த 68ஆர்எஃப்இ கியர்பாக்ஸை நம்பாமல் ஜப்பானிய ஐசின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தார்கள். 1996-இல் 180 ஹெச்பிக்கு அடக்கி வைத்த அதே கணக்கு, இந்த முறை பணம் செலவழித்துத் தீர்க்கப்பட்டது. 2014 முதல் 2500-இன் பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் வந்தது. காலி வண்டியில் குலுக்கல் குறைந்தது, அதிகச் சுமை ஏற்றுபவர்கள் பட்டை உள்ள 3500 பக்கம் போனார்கள்.

இந்தக் காலத்துக்கு ஒரு கறையும் உண்டு. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் பிக்கப்புகளின் இன்ஜின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததாக அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

ஐந்தாம் தலைமுறை: 2019 முதல்

பிளாக்கைச் சாதாரண வார்ப்பிரும்பிலிருந்து இன்னும் வலுவான கிராஃபைட் வார்ப்புக்கு மாற்றி, எடையைக் குறைத்து, 1,356 நியூட்டன் மீட்டரைத் தொட்டார்கள். 1989-இன் இன்ஜினைப் போல இரண்டரை மடங்கு. ஹைட்ராலிக் லிஃப்டர் வந்ததால் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யும் வேலையும் போனது. மேனுவல் கியர் 2018-ஓடு முடிந்துவிட்டது.

ஆனால் பம்பில் ஒரு தப்புக்கணக்கு. சிபி3-ஐ எடுத்துவிட்டு சிபி4 வைத்தார்கள். இரண்டே பிளஞ்சர், கேம் மேல் உருளும் ரோலர்கள். ரோலர் தன் அச்சில் நேராக உருளும்வரை பிரச்சினை இல்லை. சிறிது திரும்பிவிட்டால் உருளாமல் உராயும், கேமைச் சீவி எடுக்கும். அந்த உலோகத் தூள் நேராக ரயிலுக்கும் ஆறு இன்ஜெக்டருக்கும் போகும், திரும்பு குழாய் வழியாக டேங்குக்கும் வரும். பம்ப் போனால் பம்பை மட்டும் மாற்ற முடியாது. டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாம் மாற்றியாக வேண்டும். 2021 மாடலில் சிபி3-க்கே திரும்பினார்கள். 2019, 2020 மாடல்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்து பம்பை மாற்றித் தந்தார்கள். இந்த இரண்டு வருட வண்டியைப் பழையதாக வாங்குகிறவர், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

2025 மாடலில் 430 ஹெச்பி, 1,457 நியூட்டன் மீட்டர், ஆறு கியருக்குப் பதில் எட்டு கியர். அதோடு, முதல் நாளிலிருந்து இருந்த கிரிட் ஹீட்டரைக் கழற்றிவிட்டு குளோ பிளக் வைத்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. 6.7 இன்ஜினில் அந்தத் தகட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் போல்ட்டின் நட்டு இன்டேக்கின் உள்பக்கத்தில், காற்றோட்டத்திலேயே இருக்கிறது. குளிரில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பாய்ந்து இணைப்பு தளர்ந்தால், பொறி பறந்து போல்ட் அரிக்கும். ஒரு நாள் அறுந்து நட்டோடு உள்ளே விழும். பெரும்பாலும் போய்ச் சேர்வது ஆறாவது சிலிண்டருக்கு. பிஸ்டன், ஹெட், சில சமயம் பிளாக் எல்லாமே போகும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. 2007 முதல் 2024 வரையிலான 6.7 வைத்திருப்பவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இன்டேக் கொம்பைத் திறந்து, அந்த போல்ட்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தாலோ, சுற்றிலும் கருகிய தடம் இருந்தாலோ வண்டியை அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நட்டு இல்லாத வகையில் செய்த மாற்று ஹீட்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன, மாட்ட அரை நாள் போதும்.